பூனைக்கு எக்ஸ்ரே எடுத்த நாள்

எங்கள் வீட்டில் கால்மிதிக்குப் பஞ்சமே இல்லை. வாசலில் ஒன்று, குசினிக்கு முன்னால் ஒன்று, குளியலறைக்கு வெளியே இரண்டு, கட்டிலுக்கு அடியில் மடித்துப் போட்டவை எத்தனை என்று எனக்கே தெரியாது. இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் காலைத் துடைத்தே களைத்துப் போவார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அத்தனையும் நானும் பூனையும் சேர்ந்து நெய்தவை.

நெய்வது என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மரச்சட்டம், அதன் இரண்டு முனையிலும் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஆணி நூலை இழுத்துக் கட்டிவிட்டு, கார்மெண்ட் தொழிற்சாலையில் கழிக்கும் வெட்டுத்துணியை நாடாவாகக் கிழித்து மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நான் பல வருடம் கார்மெண்ட்டில் மெஷின் மிதித்தவள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் நூலைக் கண்ணால் பார்க்கவும் பிடிக்காது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டி வந்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி ஒரு சாக்கு வெட்டுத்துணி வாங்கிப் போட்டேன். பூனை வந்து சேர்ந்ததும் அந்தச் சாக்கில்தான். ஒரு மழை நாளில் எங்கிருந்தோ நனைந்துகொண்டு வந்து, சாக்குக்குள் இறங்கிப் படுத்தது. உடம்பு காய்ந்த பிறகும் எழுந்து போகவில்லை.

அதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. பூனை என்றால் வரும், வர நினைத்தால். எந்தத் துணியின் மேல் படுத்திருக்கிறதோ அந்தத் துணியை எடுக்க விடாது. எடுக்கப் போனால் நகத்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்த மிதிக்கு எந்த நிறம் என்பதை முடிவு செய்வது அதுதான். எனக்குப் பச்சை பிடிக்கும். வீடு முழுக்க நீலமும் மண்ணிறமுமாகக் கிடக்கிறது. சட்டத்தில் நூலை இழுத்துக் கட்டியதும் அதன் மேல் ஒரு தடவை ஏறி நடந்து பார்க்கும். எங்கே நூல் தளர்ந்திருக்கிறதோ அங்கே கால் உள்ளே போகும். கார்மெண்ட்டில் எங்கள் லைனுக்கு இருந்த சூப்பர்வைசரும் இப்படித்தான், குறையின் மேல் சரியாகக் கால் வைப்பார்.

தலையணை உறைக்குப் பூ போடுவதும், ஓரத்துக்கு லேஸ் மாதிரி ரேந்தை பின்னுவதும் காலை வெளிச்சத்தில் மட்டும்தான். கண் மங்கிவிட்டது. பெரிய காதுள்ள ஊசி ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நூல் கோப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும் என்பதால், ஒரு நூல் முடியும்போதே அடுத்த நூலைக் கோத்துத் தொங்கவிட்டு வைப்பது என் பழக்கம். வெறும் ஊசி விழுந்தால் தேடுவது பெரும்பாடு, நூல் தொங்கினால் கண்ணில் படும். ஆனால் தொங்குகிற நூல் பூனைக்கும் கண்ணில் படும். ஒவ்வொரு தையலுக்கும் நூல் மேலே போகும்போது பூனை அதை ஒரு அடி அடிக்கும். அப்படியே பழகிவிட்டோம். சிடுசிடுப்பேனே தவிர, அது பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குத் தையல் ஓடாது.

என் வீட்டுக்காரர் லொறி ஓட்டியவர். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி, பலாபத்வலயில் எங்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் கண்டிக்குப் போவார். விடிவதற்கு முன்னால் போகும்போது ஹோர்னை ஒரு தட்டுத் தட்டுவார், நான் விழித்துக்கொள்வேன். பக்கவாதம் வந்து விழுந்தபோது இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கியர் போடும் கையும் கிளச் மிதிக்கும் காலும். பேச்சு மட்டும் தப்பியது. டொக்டர் சொன்னதை அவர் தன் பாஷையில் சொல்லிக்கொண்டார், எஞ்சின் ஓடுது, கிளச் பிடிக்கல என்று.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பிள்ளை எனக்கு ஒரு விஷயம் சொல்லித் தந்திருந்தாள். முதலில் உணர்வு வரும், பிறகுதான் அசைவு வரும், அதனால் தினமும் எண்ணெய் தேய்த்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலிலும் கையிலும் முனை மழுங்கின எதையாவது வைத்துத் தொட்டுப் பாருங்கள் என்று. நான் ரேந்தை பின்னும் கொக்கியை எடுத்துக்கொண்டேன். முதல் மாதங்களில் தொடுவேன், கேட்பேன், தெரியல என்பார். நானும் சரி என்று வந்து சட்டத்தின் முன் உட்கார்ந்து, பூனையிடம் எரிந்து விழுவேன்.

பிறகு ஒரு நாள் கொக்கி காலில் பட்டதும் அவர், கண்ணைத் திறக்காமலே, "இப்ப பிடிக்குது" என்றார். நான் நம்பாமல் கையில் வைத்தேன். கையில் என்றார். திரும்பக் காலில் வைத்தேன். கால் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் பூனைக்கு ஒரு முழு மீன் வைத்தேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். பத்தில் ஒன்று தவறும், மீதி சரியாக இருக்கும். கிளினிக்கில் மட்டும் தவறித் தவறிப் போகும். கேட்டால், அங்கே ஏசிக் குளிரில் உடம்பு மரத்துப் போகிறது, நம் வீட்டில்தான் சரியாகத் தெரிகிறது என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த அறையில் எனக்கே விரல் விறைக்கும்.

அந்த நம்பிக்கையில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு ஆளைத் தூக்கி, புரட்டி, கழுவி, உடுத்தி, ஊட்டி, திரும்பக் கழுவுவது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அலுப்பு என்ற சொல் அதற்குப் போதாது. காலையில் எழும்போதே இரவு எப்போது வரும் என்றிருக்கும். ஆனால் உணர்வு வந்துவிட்டது, அசைவு வரும், ஒரு நாள் அவரே எழுந்து குளியலறைக்குப் போவார் என்ற நினைப்பு என் இடுப்பைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

பூனைக்கும் அவருடைய இடது பக்கம்தான் இடம். நெய்கிற நேரம் என்னோடு, மற்ற நேரம் அவர் கட்டிலில். இடது கால் அசையாது, உதைக்காது, அதனால் அதற்கு அங்கே நல்ல தூக்கம். அவர் வலது கையை நீட்டி அதன் முதுகில் வைத்துக்கொள்வார். எண்ணெய் தேய்க்கும்போதுகூட அது நகராது.

இந்த வருடம் மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. அவரைக் கழுவி, துடைத்து, மாற்றுச் சாரம் உடுத்தி, தலையணை சாய்த்து உட்கார்த்தி முடித்த பிறகுதான் பார்த்தேன், சாரத்தின் மூட்டுத் தையல் ஒரு சாண் அளவுக்குப் பிரிந்து தொடை தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, நோனா, வந்து எட்டிப் பார்க்கிற வீடு. திரும்பவும் அவரைப் புரட்டிச் சாரத்தைக் கழற்ற எனக்குத் தெம்பு இல்லை. ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, உடம்பில் இருக்கும்போதே தைக்க உட்கார்ந்தேன்.

எங்கள் ஆட்கள் அப்படித் தைக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவர் மேல் துணியை வைத்துத் தைக்கக் கூடாது. அவசரத்துக்குத் தைத்தே ஆக வேண்டுமென்றால், தைத்து முடியும்வரை அந்த ஆள் வாயில் ஒரு துரும்போ நூலோ கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இவருக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஊசியைப் பார்த்ததும், என்னைப் பிணமாக்கப் பார்க்கிறாயா என்று சிரித்தார். நான் சிவப்பு நூலில் ஒரு துண்டு அறுத்து அவர் பல்லுக்கு இடையில் வைத்தேன். பீடியைக் கடிப்பதுபோல் ஓரமாகக் கடித்துக்கொண்டார்.

தைத்து முடிச்சுப் போட்டேன். நூலைப் பல்லால் அறுத்தேன். மீதி நூல் ஊசியிலேயே நீளமாக இருந்தது. அந்த நேரம் குசினியில் சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். அவர் வாயிலிருந்த நூலைத் துப்ப, நான் ஊசியை எங்கேயோ குத்திவிட்டு எழுந்து ஓடினேன். எங்கே குத்தினேன் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

சோறு வடித்து, பருப்பு தாளித்து, அவருக்கு ஊட்ட வந்தபோது பூனை அவர் இடது தொடைப் பக்கம் எதையோ தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. சோற்றுத் தட்டோடு இருக்கும்போது இது வேறு என்று விரட்டிவிட்டேன். அது முறைத்துக்கொண்டே இறங்கிப் போனது. பிறகு தலையணை உறையை எடுத்தபோதுதான் ஊசி இல்லை என்று தெரிந்தது. ஊசி குத்தி வைக்கும் பஞ்சில் இல்லை, என் சேலைத் தலைப்பில் இல்லை, கட்டில் விரிப்பில் தடவிப் பார்த்தேன், இல்லை. அவர் மடியையும் சாரத்தின் முன்பக்கத்தையும் தடவினேன்.

"எங்கயாவது குத்துதாங்க?"

"இல்லையே. குத்தினா சொல்ல மாட்டேனா?"

அது போதுமாக இருந்தது. உணர்வு வந்த மனிதர் குத்தினால் சொல்வார். அவரைப் புரட்டி அடியில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், புரட்ட வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

அப்போதுதான் பூனை குசினி மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு ஓங்கரித்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். நுரையும் கொஞ்சம் சோறும், அதன் நடுவே சிவப்பு நூல். என் ஊசியில் இருந்த அதே நூல்.  நூலை விழுங்கினால் ஊசியும் கூடவே போயிருக்கும். நூல் தொங்கவிட்டு வைக்கிற என் பழக்கத்தை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன்.

நோனாவிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, பூனையைக் கூடையில் போட்டு எங்கள் மிதி ஒன்றால் மூடிக் கட்டி ஆட்டோவில் ஏறினேன். மாத்தளையில் காட்டிய மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுக்காமல் எதுவும் சொல்ல முடியாது, கண்டிக்குப் போங்கள் என்றார். வழியில் அக்குறணையில் வழக்கம்போல் வாகனம் நகரவில்லை. மழையும் வந்துவிட்டது. கூடைக்குள் பூனை கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மிதிக்கு அடியில் கையை விட்டு அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்தேன். இந்த வீட்டில் நான் கழுவ வேண்டாத, தூக்க வேண்டாத, ஊட்ட வேண்டாத ஒரே உயிர் அது. தானாக வந்து என் பக்கத்தில் உட்காருகிற ஒன்று. அதையும் என் ஊசியே கொன்றுவிடப் போகிறது என்று நினைத்து, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாருக்கு அம்மா சுகமில்லை என்று கேட்டார். பூனை என்று சொல்ல வெட்கப்பட்டு, வீட்டில் ஒருத்தருக்கு என்றேன்.

கண்டியில் மிருக வைத்தியர் அம்மா எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். சின்னச் சின்ன விலா எலும்பு, வளைந்த முதுகு, வால் நுனிவரை மணி கோத்த மாதிரி எலும்பு. ஊசி எங்கேயும் இல்லை. நூலை மட்டும்தான் விழுங்கியிருக்கிறது, அதையும் கக்கிவிட்டது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பூனை மேசையில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில்தான், அவர் துப்பின நூலைத்தான் பூனை தின்றிருக்கிறது என்று புரிந்தது. அப்படியானால் ஊசி எங்கே என்ற கேள்வி வந்தது. அவரைப் பற்றி நினைத்தேன். குத்தினால் சொல்ல மாட்டேனா என்றாரே என்று அதை ஒதுக்கித் தள்ளினேன். பிறகு அது ஒதுங்கவே இல்லை. பலாபத்வல வருவதற்குள் ஆட்டோக்காரரை இரண்டு தடவை அவசரப்படுத்தினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது டீவி ஓடிக்கொண்டிருந்தது. நோனா அவருக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார். பூனைக்கு என்ன ஆச்சு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் அவரை வலது பக்கமாகப் புரட்டினேன். இடது தொடைக்குப் பின்னால், சாரத்துக்கு வெளியே, சிவப்பு நூல் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. சாரத்தை விலக்கினேன். ஊசி அதன் காதுவரை சதைக்குள் இருந்தது. சுற்றிலும் கன்றிப் போயிருந்தது. காலையிலிருந்து அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

காதைப் பிடித்து இழுத்தேன். லேசாக வரவில்லை. இன்னொரு தடவை இழுத்ததும் முழுசாக வந்தது. கொஞ்சம் இரத்தம் வந்தது. அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். நோனா டீயில் சீனி போட மறந்துவிட்டதைப் பற்றி. என் கை அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

பேச்சு ஓய்ந்தது. "என்ன தேடுறே பின்னால?" என்றார்.

நான் ஊசியை அவர் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். இரத்தமும் நூலும் அதில் இருந்தன. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகுதான், ரொம்பத் தாமதமாக, வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தார். நான் ஊசியைக் கீழே இறக்கவில்லை. அந்தச் சுளிப்பை அவரே மெல்ல விட்டுவிட்டார்.

காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, நாளைக்கு டெட்டனஸுக்கு ஏற்பு ஊசி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். அவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பூனை முதுகுல கை வச்சிருப்பேன்ல. நீ அந்தக் கொக்கிய காலுக்குக் கொண்டு போனா அது முதுகு விறைக்கும். கைக்குக் கொண்டு வந்தா தலையத் தூக்கும். அத வச்சுத்தான் சொல்லுவேன்."

ஏன் என்று கேட்டேன்.

"தெரியலன்னு சொல்ற நாளெல்லாம் நீ போய் அந்தச் சட்டத்துக்கு முன்னால உக்காந்து பூனைகிட்ட சத்தம் போடுவ. எனக்கு இங்க கேக்கும். ஒரு நாளைக்காவது அது கேக்காம இருக்கட்டும்னு பாத்தேன். ஒரு தடவ சொன்னேன், அப்புறம் நிறுத்த முடியல."

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இத்தனை மாதம் நான் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேனோ அது பூனையின் முதுகெலும்பாக இருந்திருக்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் கத்துவதற்கும் தெம்பு வேண்டும். உடம்பு முழுக்க, எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தது நான்தான் என்பதுபோல் சோர்ந்து போயிருந்தது. பூனை கூடையைத் தானே திறந்துகொண்டு வந்து, எங்கள் இருவர் மேலும் கோபமாக, துணிச் சாக்குக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையிலும் அவரைக் கழுவினேன், சாரம் மாற்றினேன், எண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்தேன். பூனை சாக்கை விட்டு வரவில்லை. அவர் வலது கை வெறுமனே விரிப்பின் மேல் கிடந்தது. நான் கொக்கியை எடுத்துவரவில்லை. காலைத் தேய்த்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்ததை மறந்து, கேட்டுவிட்டேன்.

"தெரியுதா?"

அவர் கண்ணை மூடியிருந்தார்.

"தெரியல," என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "ஆனா நிப்பாட்டாத," என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, அந்தக் காலையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.